ஒரு மீன், ரெண்டு தட்டு... பெரிய ரெஸ்டாரன்ட்டில் கேட்கலாமா?

முதல் சம்பளம் வந்த மாதம். கருங்குழியிலிருந்து ஒரு குடும்பம் மாமல்லபுரத்துக்குச் சாப்பிடக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஆயா, பிளஸ் டூ படிக்கும் தம்பி. கூட்டிப்போவது மகள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம்.

(கருங்குழி என்றதும் வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர் என்று சிலர் நினைப்பார்கள். அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. இது மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழி. ஏரிப் பாசனமும், ஜி.எஸ்.டி ரோட்டு லாரிச் சத்தமும் உள்ள ஊர்.)

ஹைவே ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்து ஐந்து பேரும் பங்கு போட்டுப் பழகிய குடும்பம். இங்கேயோ கடலைப் பார்த்த மேஜை, வெள்ளைத் துணி, மயில் மாதிரி மடித்து வைத்த நாப்கின், முள்கரண்டியிலேயே ரெண்டு சைஸ். மெனு கார்டு வருகிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது பக்கத்திலிருந்து படிக்கிறார். அதாவது, விலையிலிருந்து. ஆயா, "இட்லி இருக்குமாடி?" என்கிறார். அம்மா கார்டைத் திறக்கவே இல்லை.

"எனக்குப் பசியே இல்லம்மா. நீ வாங்குறதுல ரெண்டு வாய் எடுத்துக்கிறேன்."

மகள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஐந்து பேருக்கு ஐந்து மெயின் கோர்ஸ் சொன்னால் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். மூன்று சொல்லிப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டால் அந்த வெயிட்டர் என்ன நினைப்பார்? பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களா? அப்பா முகம் சுருங்கிவிடுமா?

கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். எப்போது, எப்படி, எங்கே கேட்கக் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பங்கு போடுவது நமக்குப் புதுசா?

சென்னையிலும் பெங்களூருவிலும் 'ஒன் பை டூ' என்று சொன்னால் எந்த வெயிட்டரும் புருவத்தை உயர்த்த மாட்டார். ஒரு காபி, ரெண்டு டம்ளர். சைனீஸ் ரெஸ்டாரன்ட்டில் ஒன் பை டூ சூப் கேட்டால் சமையலறையிலேயே ரெண்டு கிண்ணத்தில் ஊற்றித்தான் கொண்டுவருவார்கள். அதில் யாரும் கௌரவக் குறைச்சலைப் பார்ப்பதில்லை. அதே கேள்வியை 1,200 ரூபாய் மீனுக்குக் கேட்கும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

காரணம், பெரிய ரெஸ்டாரன்ட் என்றாலே ஆளுக்கொரு தட்டு, அது ஆதிகாலத்து மேல்நாட்டு வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. உண்மையில் மேல்நாட்டிலும் அது அவ்வளவு பழசு இல்லை. பிரான்ஸில் பிரபுக்கள் வீட்டு விருந்துகளில் எல்லா வகைகளையும் ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பிவிடுவார்கள். வந்தவர்கள் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பரிமாறும் முறை மாறியது 19-ம் நூற்றாண்டில்தான். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையாகப் பரிமாறும் அந்தப் பழக்கத்துக்கே 'ரஷ்ய முறை' என்று பெயர். பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராகின் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். செஃப் சமையலறையிலேயே தட்டை அலங்கரித்து, சாஸைக் கோடு போட்டு, மேலே ஒரு இலை வைத்து அனுப்பும் பாணி பரவியது 1970-களில், பிரெஞ்சு 'புதுச் சமையல்' அலை வந்தபோது. பாட்டி காலத்துச் சம்பிரதாயம் இல்லை. அப்பா காலத்து ஃபேஷன்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்து ரெஸ்டாரன்ட்களில் இந்த ரெண்டு உலகமும் ஒரே மெனு கார்டில் இருக்கும். ஒரு பக்கம் பட்டர் சிக்கன், மீன் குழம்பு, பிரியாணி. இவை கிண்ணத்தில் வரும். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளத்தான். இன்னொரு பக்கம் கிரில்டு ஃபிஷ், பாஸ்தா, ஸ்டேக். இவை ஒருவருக்கென்று அலங்கரித்து வரும் தட்டுகள். முதல் வகைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. கேள்வி வருவது ரெண்டாவது வகைக்கு மட்டும்தான்.

பெரிய இடம் என்றால் வாயில் நுழையாத பெயர்தான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை. 2019 அக்டோபர் 11-ம் தேதி இரவு இதே மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயில் வளாகத்தில், பிரதமர் மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு விருந்து கொடுத்தார். மெனுவில் தக்காளி ரசம், அரைத்துவிட்ட சாம்பார், கடலை குருமா, கவனரசி அல்வா எல்லாம் இருந்ததாக அப்போது செய்தி வந்தது. அதனால் ஆயா இட்லி கேட்டால் தம்பி தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லப்போகிறார்கள், அவ்வளவுதான்.

ரெஸ்டாரன்ட்காரர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு

அமெரிக்காவில் பல ரெஸ்டாரன்ட்களின் மெனு கார்டில் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும். ஒரு மெயின் கோர்ஸை ரெண்டு பேர் பிரித்துக்கொண்டால் இத்தனை டாலர் கூடுதல் என்று. கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரித்துக் கேட்டால் பல இடங்களில் ரெண்டு தட்டிலும் காய்கறி, உருளைக்கிழங்கு, சாஸ் எல்லாம் தனித்தனியாக வைத்துத் தருவார்கள். கழுவ வேண்டிய தட்டு ரெண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மேஜை.

பெரிய ரெஸ்டாரன்ட் விற்பது மீனை மட்டும் இல்லை. கடலோரம் ஒன்றரை மணி நேரம் உட்காரும் இடத்தையும்தான். சனிக்கிழமை ராத்திரி வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, நால்வர் மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு பாஸ்தாவை ரெண்டு மணி நேரம் தின்றால் முதலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை மதியம் காலி ஹாலில் அதையே செய்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆகவே பிரித்துச் சாப்பிட நினைப்பவர்கள் கூட்டமில்லாத நேரம் போவது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. மெயின் கோர்ஸைக் குறைத்தால் கூடவே ஒரு சூப்போ, ஸ்டார்ட்டரோ, கடைசியில் ஒரு இனிப்போ சொல்வது நாகரிகம். கட்டாயம் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால், பிரித்துக் கேட்ட கூச்சம் தானாகப் போய்விடும்.

பிரிக்கவே கூடாத இடங்களும் உண்டு. பஃபே அதில் முதலாவது. ஒருவருக்குப் பணம் கட்டிவிட்டு ரெண்டு பேர் சாப்பிடுவது பங்கு போடுவதில் சேராது. அதற்கு வேறு பெயர். அன்லிமிடெட் சாப்பாடும் அதே கதை. நம்ம ஊர் மெஸ்களிலேயே அளவுச் சாப்பாட்டைப் பிரித்தால் விட்டுவிடுவார்கள், முழுச் சாப்பாட்டில் ரெண்டு கை நுழைந்தால் கல்லாவிலிருந்து குரல் வரும். ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைத்த செட் மெனுவும் அப்படித்தான்.

ஆர்டருக்கு முன்னால் கேட்பது கேள்வி, பின்னால் கேட்பது தகராறு

தட்டு வந்த பிறகு, "இன்னொரு தட்டு கொடுங்க, இதுல பாதி அதுல போடுங்க" என்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம். செஃப் அழகாக அடுக்கியது கலைந்துவிடும், வெயிட்டர் கையில் கரண்டி இருக்காது, சாஸ் மேஜைத்துணியில் கொட்டும். ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் இந்தக் கூத்து எதுவும் இல்லை.

"தம்பி, இது எத்தனை பேருக்கு வரும்?"

"ஒருத்தருக்குத் தாராளமா வரும் மேடம். கம்மியா சாப்பிடுறவங்கன்னா ரெண்டு பேர் சாப்பிடலாம்."

"அப்ப ரெண்டு தட்டுல பிரிச்சுக் கொண்டுவர முடியுமா? அதுக்குத் தனியா சார்ஜ் எதுவும் இருக்கா?"

அவ்வளவுதான் உரையாடல். குரலைத் தாழ்த்தவும் வேண்டாம், "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். நல்ல வெயிட்டர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கேட்கும் கேள்வி இது. கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. சார்ஜ் உண்டென்றால் முதலிலேயே தெரிந்துவிடும். பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதற்கு இன்னொரு காரணம், அந்தக் கேள்வியை மத்திய அரசே ஒரு காலத்தில் கேட்டது. 2017 மார்ச்சில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் உணவு வீணாவதைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே நுகர்வோர் விவகார அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான், பெரிய ஓட்டல்களில் ஒரு ப்ளேட்டில் எவ்வளவு வரும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற யோசனையைக் கிளப்பினார். அரசாங்கமா என் தட்டில் எத்தனை இறால் என்று எண்ணுவது என்று கிண்டலும் கிளம்பியது. அளவைக் குறைக்கச் சொல்லவில்லை, தெரிவிக்கத்தான் சொல்கிறோம் என்று விளக்கம் வந்தது. இன்றைக்கு, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கலோரியையும், ஒரு பரிமாறலின் அளவையும் அச்சிட வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி. 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கலோரியைப் பார்த்துப் பயப்படுவதோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் கிராம் கணக்கையும் பார்த்தால் ஒன்று போதுமா, ரெண்டு வேண்டுமா என்பது ஓரளவு தெரியும்.

கடற்கரைப் பக்கம் போனால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. சிங்கி இறால், முழு கொடுவா, பெரிய வஞ்சிரம் போன்றவற்றுக்குப் பல இடங்களில் விலையே போட்டிருக்காது. 'அன்றைய விலை' என்றோ, 100 கிராமுக்கு இவ்வளவு என்றோதான் இருக்கும். 100 கிராம் 250 ரூபாய் என்று போட்டிருந்தால் கண்ணுக்கு 250 மட்டும்தான் தெரியும். மீன் 1.2 கிலோ இருந்தால் பில்லில் ஏறுவது 3,000. ஐஸில் அடுக்கிய மீனைக் காட்டி, "எது வேணும் சார்?" என்று கேட்கும்போதே எடை போட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்ல வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்னால் எடையா, பின்னால் எடையா என்பதையும் கேட்டுவிட வேண்டும். தலை, செதில், குடல் எல்லாம் போனால் மீன் இளைத்துவிடும், பில் இளைக்காது. முழு மீன் எப்படியும் நாலு பேர் பகிரத்தான் மேஜைக்கு வருகிறது. முள் எடுத்துப் பிரித்துத் தரச் சொன்னால் பெரிய ரெஸ்டாரன்ட்களில் செய்து தருவார்கள்.

எச்சில் படாமல்

மேல்நாட்டு நாகரிகப் புத்தகங்கள் பங்கு போடுவதைப் பற்றி ஏதேதோ சொல்லலாம். நமக்கு ஒரே ஒரு சொல் போதும். எச்சில்.

முள்கரண்டியில் மீனைக் குத்தி மேஜைக்குக் குறுக்கே நீட்டி, "இந்தா, ஒரு வாய்" என்று ஊட்டுவது வீட்டில் பாசம். வெள்ளைத்துணி மேஜையில் அது சட்டையில் சாஸ். வாய்க்குள் போன கரண்டியை நடுக்கிண்ணத்தில் விடுவது வீட்டிலேயே திட்டு வாங்கித்தரும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பரிமாறும் கரண்டி தனியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை. ஆளுக்கொரு காலித் தட்டும் கேட்டு வாங்கலாம். தன் தட்டில் இருப்பதைக் கொடுப்பதென்றால் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே, கை படாத பக்கத்திலிருந்து எடுத்து அந்தத் தட்டில் வைத்துவிட வேண்டும்.

கையால் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். வலது கை எச்சில், இடது கையால் பரிமாறினால் ஆயா முகம் சுளிப்பார். இதற்குப் பந்தியில் ஏற்கெனவே விடை இருக்கிறது. எல்லா இலையிலும் பரிமாறி முடிக்கும் வரை யாரும் கை வைப்பதில்லை. ரெஸ்டாரன்ட்டிலும் அதையே செய்யலாம். ஒருவர் எழுந்து எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டு உட்காரலாம், அல்லது வெயிட்டரையே பரிமாறச் சொல்லலாம். பெரிய ரெஸ்டாரன்ட்டில் அதுவும் அவர்கள் வேலைதான். (கையால் சாப்பிடுவது தப்பே இல்லை. கடைசியில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் வருமே, அது கை கழுவத்தான். ஜூஸ் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தம்பி அதைக் குடிக்கத்தான் போகிறான்.)

மேஜையில் சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலும் பங்கு போடும் திட்டம் மாற வேண்டும். புரட்டாசியில் ஆயா கவிச்சி தொட மாட்டார் என்றால், ஒரே கரண்டி ரெண்டு கிண்ணத்துக்கும் போய்வரக் கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும். "கொஞ்சம் பட்டா என்ன?" என்பது சாப்பிடுபவர் சொல்ல வேண்டியது, பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது இல்லை. இறால் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் அது இன்னும் முக்கியம். எண்ணெய், தவா, கரண்டி எல்லாவற்றிலும் இறால் பட்டிருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

'ரெண்டு வாய் போதும்' என்கிற அம்மா

இந்த விஷயத்தில் வெயிட்டரைவிட முக்கியமான ஒருவர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். மெனு கார்டைத் திறக்காமல் வைத்திருக்கும் அம்மா.

அம்மாவுக்குப் பசி இல்லையா? காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஆயாவுக்குக் கஞ்சி வைத்து, தம்பி சட்டையைத் தேய்த்துவிட்டுக் கிளம்பியவர். பசி இருக்கும். ஆனால் தனக்கென்று ஒரு தட்டு கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் எது இருக்கிறதோ அது. தம்பி மிச்சம் வைத்த பாதி தோசை, அப்பா ஒதுக்கிய மீன் வால். ரெஸ்டாரன்ட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு 'ஷேரிங்' என்று நாகரிகமாக ஒரு பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது.

ரெண்டு பேர் சேர்ந்து, "எனக்கும் இதுதான் பிடிக்கும், பாதி பாதி எடுத்துக்கலாம்" என்று முடிவெடுத்தால் அது பங்கு. ஒருவர் தனக்குப் பிடித்ததை ஆர்டர் செய்ய, இன்னொருவர் அதில் ரெண்டு வாய் எடுத்துக்கொண்டால் அது பழைய கதைதான், கடல் காற்றோடு. அதுவும் அந்த ரெண்டு வாய் பெரும்பாலும் ஓரத்துக் காய்கறியாகவும், சாஸ் தொட்ட பிரெட்டாகவுமே இருக்கும். மீனின் நடுத்துண்டு அம்மா தட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பெரும்பாலான வீடுகளில் சரித்திரம் இல்லை.

மகள் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். பட்ஜெட் மூன்று மெயின் கோர்ஸ் என்றால், அந்த மூன்றில் முதலாவதை அம்மாவைச் சொல்லச் சொல்வது. "உனக்கு என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுனாலும் சரி" என்றுதான் பதில் வரும். கார்டைத் திறந்து கையில் கொடுத்து, "மீனா, இறாலா? குழம்பா, வறுவலா?" என்று கேட்டால் வேறு பதில் வரும்.

"இறால்னா நல்லா காரமா இருக்கணும். இங்கெல்லாம் சப்புன்னு இருக்கும்."

அவருக்கு என்ன வேண்டும் என்பது இருபது வருஷத்தில் முதல் தடவையாக மேஜைக்கு வந்துவிட்டது. இனி அந்த இறாலில் ரெண்டு வாய் கேட்கும் முறை அப்பாவுடையது.

அப்பாவின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மகள் பணத்தில் சாப்பிடுவது பெருமை. ஆனால் அவள் விலை பார்த்துப் பிரிப்பதைப் பார்க்கும்போது ஒரு சுருக். "எல்லாருக்கும் தனித்தனியா சொல்லும்மா, நான் தர்றேன்" என்று பர்ஸைத் தொடுவார். அதைத் தவிர்க்க ஒரே வழி, கிளம்புவதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையிலேயே பேசிவிடுவது. இத்தனை ரூபாய்க்குள், மூணு ஐட்டம், எல்லோரும் எல்லாத்தையும் ருசி பார்க்கலாம் என்று. மெனுவைப் போனில் எடுத்துக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. பணப் பேச்சு வெயிட்டர் முன்னால் நடந்தால்தான் அவமானம்.

நண்பர்கள் கூட்டத்துக்கும் இது பொருந்தும். ஆறு பேர் போய் எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு பில்லை ஆறாகப் பிரிப்பார்கள். அதில் ஒருத்தி சைவம், ஒருவன் சூப் மட்டும் குடித்தான். அவர்களும் சிங்கி இறாலுக்குப் பணம் கட்டுவார்கள், சிரித்துக்கொண்டே. அடுத்த முறை வர மாட்டார்கள். அதிகம் சாப்பிட்டவரே "நீ இவ்வளவு கொடுத்தா போதும்" என்று முந்திக்கொள்வது நல்லது. குறைவாகச் சாப்பிட்டவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

பில் வந்ததும்

பில்லில் மூன்று வரி பார்க்க வேண்டும். முதலாவது ஜி.எஸ்.டி. தனியாக இயங்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 5 சதவிகிதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஓட்டல், ரிசார்ட்டுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18 சதவிகிதம். 3,000 ரூபாய் சாப்பாட்டுக்கு முன்னதில் 150 ரூபாய், பின்னதில் 540. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரெண்டு வகையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மெனுவில் ஒரே விலைபோலத் தெரிவது பில்லில் ஒரே விலையாக இருக்காது.

ரெண்டாவது, சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உணவகங்கள் இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன, இடைக்காலத் தடையும் வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட ரெண்டு சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. பில்லில் அந்த வரி இருந்தால், எடுத்துவிடச் சொல்லி அமைதியாகக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்றாவது, பிரித்துக் கொடுத்ததற்கான சார்ஜ். மெனுவில் எழுதியிருந்து, கேட்டபோது சொல்லியும் இருந்தால் கொடுத்துவிடுவதுதான் முறை. எங்கேயும் சொல்லாமல் பில்லில் மட்டும் முளைத்திருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வெயிட்டரிடம் குரலை உயர்த்திப் பயனில்லை, பில் போட்டது அவர் இல்லை. டிப்ஸ் விஷயத்திலும் அதே. ஒரு தட்டை ரெண்டாக்கி, முள் எடுத்து, நாலு முறை தண்ணீர் ஊற்றியவருக்குப் பில் குறைவு என்பதற்காக டிப்ஸையும் குறைப்பது சரியில்லை. வேலை அவருக்குக் கூடத்தான் ஆகியிருக்கிறது.

மிச்சத்தைக் கட்டித்தரச் சொல்லலாமா?

பங்கு போட்டும் மிச்சமானால், கட்டிக்கொடுக்கச் சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. பிரான்ஸில் 2021 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேட்டால் மிச்சத்தை எடுத்துப்போக டப்பா கொடுப்பது உணவகத்தின் சட்டப்படியான கடமை. சீனாவில் அதே ஆண்டு ஏப்ரலில் உணவு வீணடிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது; மிக அதிகமாக மிச்சம் வைப்பவரிடம் அதை அகற்றும் செலவை உணவகம் வசூலிக்கலாம். ஐ.நா சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 29 கோடி டன் உணவகம், கேன்டீன் போன்ற இடங்களில். நெல் விளையும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பஃபே மிச்சத்தை மட்டும் கேட்கக் கூடாது. மற்றபடி, "இதைப் பார்சல் பண்ணிடுங்க தம்பி" என்றால் அழகான டப்பாவில் வரும்.

ஆனால் மீனும் இறாலும் என்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சமைத்த உணவை சாதாரண வெப்பத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கு மேஜைக்கு வந்து சூடு ஆறியதிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது. மாமல்லபுரத்திலிருந்து கருங்குழி போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் கடற்கரையில் கால் நனைத்து, பட்டம் வாங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் போவதென்றால் பார்சல் வேண்டாம். வேண்டும் என்றால் ஏ.சி காற்று படும் இடத்தில் வைத்து, நேராக வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே தம்பி பின் சீட்டில் டப்பாவைப் பிரித்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.